பன்னிரண்டாம் சுற்று

ஜூலை 29

கல்லூரிப் பிள்ளைகள் நாற்பது பேர் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். விளக்கிச் சொல்லும் வேலை வழக்கம்போல என் தலையில். வாழைக்கிழங்கின் குருத்து நுனியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டி எடுத்து, பாட்டிலில் சத்து கலந்த ஜெல்லி மேல் வைக்கிறோம். மாதம் ஒரு முறை அது பக்கவாட்டில் விடும் மொட்டுகளைப் பிரித்துப் புதுப் பாட்டில்களுக்கு மாற்றுகிறோம். ஒன்று மூன்றாகும், மூன்று ஒன்பதாகும். இப்படியே ஒரு தாய்மரத்திலிருந்து பல ஆயிரம் கன்று, எல்லாமே அதே மரம்தான் என்றேன்.

"அப்ப இது குளோனிங்கா மேடம்?" என்றான் ஒருத்தன். ஆமாம் என்றேன். "மனுசனையும் இப்பிடிப் பண்ணலாமா மேடம்?" என்றான் இன்னொருத்தன். கூட்டமே சிரித்தது. "முதல்ல செருப்பக் கழட்டி வெளிய வையி. அப்பறம் மனுசனப் பண்ணலாம்" என்றேன். சேறும் சகதியுமாக உள்ளே வந்து நிற்கிறான், அறிவியல் பேசுகிறான்.

ஒரு பெண் மட்டும் உருப்படியாகக் கேட்டாள். எத்தனை தடவை வரைக்கும் பிரிக்கலாம் என்று. எட்டு. எட்டுச் சுற்று முடிந்ததும் அந்த வரிசையை வேகவைத்துக் கொட்டிவிட்டு, புதுத் தாய்மரத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அதற்கு மேலும் பிரித்துக்கொண்டே போனால் வாழைக்குத் தான் யார் என்பதே மறந்துபோகும். குள்ளமாகும், இலை குறுகும், தார் சூம்பும். கொடுமை என்னவென்றால் பாட்டிலுக்குள் இருக்கும்போது ஒன்றும் தெரியாது. "அந்த அலமாரியில பதினொண்ணுன்னு எழுதியிருக்கே மேடம்?" என்று பக்கத்து அறை மூலையைக் காட்டினாள். நல்ல கண். அது விற்பனைக்கு இல்லை, புதிதாகச் சேரும் பெண்கள் கத்தி பிடித்துப் பழக நான் வைத்திருக்கும் பாட்டில்கள் என்றேன். செத்ததை வெட்டிப் பழகினால் கை வராது.

புளி தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 4

பாட்டில் அடுக்கும் அறையில் ஏ.சி. ஓடி மூன்று நாள் ஆகிறது. மெக்கானிக் மூன்று நாளாக "நாளைக்கு வர்றேன்" என்கிறான். இருபத்தைந்து டிகிரியில் இருக்க வேண்டிய அறை முப்பத்தாறு காட்டுகிறது. மேனேஜர் தனுஷ்கோடியின் அறையில் மட்டும் ஜம்மென்று குளிர்கிறது. அதைக் கழற்றி இங்கே மாட்டுங்கள் என்றேன். நான் ஏதோ ஜோக் சொன்னதுபோலச் சிரித்தார். எரிச்சலில் மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 8

பூஞ்சை. அலமாரி அலமாரியாக வெள்ளையும் கறுப்புமாகப் படர்ந்திருக்கிறது. மூன்றாம் சுற்று, நான்காம் சுற்று, எல்லாம் போனது. ஜனவரிக்குக் கன்று கேட்டுப் பதிவு செய்த விவசாயிகள் பதினோரு பேர். அவர்களுக்கு என்று வைத்திருந்ததில் மிஞ்சியது இருபது பாட்டில்.

ஜெல்லி காய்ச்சும் அமலோற்பவம் அக்கா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரும் நானும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பதினாலு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. "எம்புட்டு ஜெல்லி ஊத்தியிருப்பேன் கொடி" என்றார். ஜெயக்கொடி என்ற என் பெயரை அவர் மட்டும்தான் இப்படிச் சுருக்குவார். எனக்கு அழுகை வரவில்லை. யார் கழுத்தையாவது பிடிக்க வேண்டும் போல இருந்தது.

ஆகஸ்ட் 9

இன்று தனுஷ்கோடி எல்லாப் பெண்களையும் கூட்டி வைத்துக்கொண்டு பேசினார். "பதினாலு வருஷ அனுபவம்னு பேரு. ஒரு வாரத்துல மொத்தத்தையும் பூஞ்சைக்குத் தின்னக் குடுத்தாச்சு. நாளைக்கு விவசாயி வந்து கேட்டா இந்தம்மா முகத்தத்தான் காட்டணும்." ஏ.சி.யைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போன மாதம் சேர்ந்த பெண்கள் முன்னால் என்னைப் பார்த்து இப்படி. பதிலுக்கு நானும் பேசினேன். என்ன பேசினேன் என்பது முக்கியமில்லை.

ஆகஸ்ட் 10

மேனேஜருக்குப் பழகும் அலமாரி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. முந்நூறு பாட்டில். பதினோராம் சுற்று. பூஞ்சை படாமல் தனி அறையில் இருந்ததால் தப்பித்தவை. இன்னும் ஒரு சுற்றுப் பிரித்தால் பதினோரு பேருக்கும் கன்று தயார் என்கிறார். முடியாது என்று சொன்னேன். இரண்டு முறை சொன்னேன்.

ஆகஸ்ட் 13

வேலை நடக்கிறது.

ஆகஸ்ட் 21

பாட்டில்களில் எண் எழுதியாகிவிட்டது. பன்னிரண்டு என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆறு. மேனேஜர் சொன்னார், நடந்தது. சம்பளம் கொடுக்கிறவன் சொன்னால் நடக்கத்தானே செய்யும்?

மார்க்கர் மை விரலை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. எலுமிச்சைத் தோல் வைத்துத் தேய்த்தும் போகவில்லை. என்ன மையோ.

செப்டம்பர் 18

மாதிரி பரிசோதனைக்குப் போனது. கன்றுகள் எல்லாம் தாய்மரத்தைப் போலவே இருக்கின்றனவா என்று வெளியூரில் பார்த்துச் சான்று கொடுப்பார்கள். "நல்லதாப் பாத்து எடுத்துக் குடுங்கம்மா" என்றார் தனுஷ்கோடி. நல்லதாகவே போனது. மிஞ்சிய இருபது பாட்டிலிலிருந்து போனது.

வீட்டு ஓடு ஒழுகுகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால் "மழை நிக்கட்டும்" என்கிறார். மழை நின்றபிறகு ஓடு எதற்கு மாற்ற வேண்டும்? இந்த ஊரில் எவனுக்கும் நேரத்தில் ஒரு வேலை செய்யத் தெரியாது.

அக்டோபர் 26

சான்று வந்துவிட்டது. எல்லாம் சரியாம்.

கன்றுகளுக்கு வேர் விட்டிருக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. நூற்றுக்கு ஐந்து, மிஞ்சினால் பத்துக் கன்று மாறும். அதுவும் மாறினால்தான். பத்துக் கன்று எந்தத் தோட்டத்திலும் சாவதுதானே?

அமலோற்பவம் அக்கா என்னோடு சாப்பிடுவதை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. காரணம் கேட்டேன். "எனக்கு வயிறு சரியில்ல" என்றார். ஒரு மாதமாகவா?

டிசம்பர் 14

தம்பி பவுன்ராஜ் வந்தான். அம்மா சாகும்போது அவனுக்குப் பதினோரு வயது. நான் கைபிடித்து நடத்தி, படிக்கவைத்து, கல்யாணம் செய்துவைத்த பிள்ளை. இந்த வருடம் துணிந்து மூன்று வருடக் குத்தகைக்கு ஒரு ஏக்கர் பிடித்திருக்கிறான், ஆற்றுப்பாசனம். நேராகக் கம்பெனி நிழல்வலைக்குள் போய், கன்றுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆயிரத்து இருநூறு கன்று வேண்டுமாம். பதிவு செய்த ஒருவர் விலகிக்கொண்டதால் மேனேஜர் அந்தப் பங்கை இவனுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டாராம். எனக்குத் தெரியாமல்.

"பக்கத்துத் தோட்டத்துலயே நல்ல பக்கக்கன்னு கெடைக்கும்டா. அதத் தோண்டி வையி" என்றேன்.

"அது ஒண்ணு முன்ன தார் விடும், ஒண்ணு பின்ன விடும். இதுன்னா அம்புட்டும் ஒண்ணாத் தள்ளும், ஒண்ணா வெட்டலாம். நீதானக்கா சொல்லுவ?"

"இந்த வருசம் வேணாம். அடுத்த வருசம் பாக்கலாம்."

"ஊருக்கெல்லாம் கன்னு குடுக்குற, எனக்கு மட்டும் வேணாங்குற. ஏன், இந்தக் கன்னுல ஏதும் கொறையா?"

முகத்தைப் பார்த்துக் கேட்டான். இல்லை என்றேன். குறை ஒன்றும் இல்லை என்றேன்.

எதற்கு அப்படிக் கேட்டான்? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று போக வேண்டியதுதானே. அக்கா பேச்சைக் கேட்பவனாக இருந்தால் கேள்வி கேட்காமல் போயிருப்பான். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், தோண்டித் தோண்டிக் கேட்பான். அவன் மேல் வந்த கோபத்தில் காப்பி கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 21

பவுன்ராஜ் தோட்டத்தில் நடவு. முதல் கன்றை நான்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம். அவன் மனைவி தவமணி குழிக்குப் பக்கத்தில் மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, சூடம் காட்டினாள். "மதினி, நீங்க வச்சாத்தான் வெளங்கும்" என்றாள். வைத்தேன். மண்ணை அணைத்து, தண்ணீர் ஊற்றி, கும்பிட்டேன். எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். எனக்கு மட்டும் முந்திரி அதிகமாகப் போட்டு வைத்திருந்தாள்.

வரும் வழியில் பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை. சில்லறைக்காக. அவன் மேலும் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை. ஆனாலும் இறங்கும் வரை கத்தினேன்.

மார்ச் 2

பவுன்ராஜ் போன் செய்தான். பிப்ரவரியில் மோட்டார் எரிந்து பத்து நாள் தண்ணீர் விட முடியவில்லையாம். இப்போது சரியாகிவிட்டதாம். "உன் கன்னு தாக்குப் பிடிச்சிருச்சுக்கா, கெட்டிக் கன்னு" என்றான். சரி, போனை வை என்றேன்.

மே 5

கத்திரி வெயில். தம்பி தோட்டத்துக்குப் போனேன், அவன் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன்.

ஒன்று தலைக்கு மேல் நிற்கிறது. பக்கத்தில் ஒன்று முழங்காலுக்கு இருக்கிறது. ஒன்றில் இலை விரலளவு குறுகி, தடித்து, ரப்பர் போல இருக்கிறது. இன்னொன்றில் இலையெல்லாம் ஒரே இடத்தில் அடைந்துபோய் விசிறியாக நிற்கிறது. வரிசையாக நடந்து எண்ணினேன். நூற்றுக்கு ஐந்து இல்லை, பத்து இல்லை. நாற்பது. நாற்பதுக்கும் மேலே.

பவுன்ராஜ் வாய்க்காலில் நின்றுகொண்டு, "கொஞ்சம் முன்ன பின்ன இருக்குக்கா. உரம் வச்சா எந்திரிச்சிரும்ல?" என்றான். எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். "மோட்டார ஒழுங்காப் பாக்கத் துப்பில்ல, தண்ணி விடாமப் போட்டுட்டு இப்ப எங்கிட்டக் கேக்குறியா?" என்று கத்திவிட்டேன். அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான்.

மே 6

தண்ணீர்தான் காரணமாக இருக்கலாம். பத்து நாள் தண்ணீர் இல்லாவிட்டால் எந்த வாழைதான் தாங்கும்?

ஜூன் 17

கம்பெனிக்கு மூன்று விவசாயிகள் ஒன்றாக வந்தார்கள். மூன்று பேர் தோட்டத்திலும் அதே கதை. மூன்று பேர் மோட்டாரும் ஒரே சமயத்திலா எரிந்தது? தனுஷ்கோடி அவர்களுக்கு மோர் வரவழைத்துக் கொடுத்து, சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தோடு சுவரிலிருந்து எடுத்துக் காட்டினார். "கன்னுல கொறையிருந்தா சர்ட்டிபிகேட் வருமா? பராமரிப்புத்தான். சின்னமனூர்ல ஒரு தோட்டம் இருக்கு, தண்ணி விடாமக் காயப்போட்ட தோட்டம். வேணும்னா போய்ப் பாருங்க" என்றார்.

என் தம்பி தோட்டத்தைச் சொல்கிறார். மோட்டார் எரிந்த கதை அவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் மே மாதம் சொன்னேன், சும்மா பேச்சுவாக்கில்.

ஜூலை 20

அமலோற்பவம் அக்கா இன்று என்னைச் சும்மா விடவில்லை. பாட்டில் கழுவும் தொட்டிப் பக்கம் நின்றிருந்தேன். வந்து குழாயை மூடினார்.

"அடுத்த மாசம் அதிகாரி வந்து பாக்கப் போறாராம். தம்பி தோட்டத்துக்குத்தான் மொதல்ல கூட்டிட்டுப் போறாரு மேனேஜர். தண்ணி இல்லாமக் காஞ்ச தோட்டத்தக் காட்டி முடிச்சிட்டா மத்த பத்துப் பேர் வாயும் அடைபட்டுரும்ல. தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் நிக்கிற?"

"நான் என்னக்கா செய்ய? அந்தாளு சொன்னான், செஞ்சேன்."

"அந்தாளு அந்த அறைக்கு எப்பம்மா வந்தான்? பழகுற பாட்டில் உயிரோட இருக்குன்னு அவனுக்கு யாரு சொன்னா? நானும் அங்கதான நின்னேன், கொடி."

குழாயைத் திறந்துவிட்டேன். அவர் போன பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். எவ்வளவு சாமர்த்தியமாக எழுதியிருக்கிறேன்! "மேனேஜருக்கு ஞாபகத்துக்கு வந்துவிட்டது." பொய். அந்த மனுஷன் ஒரு வருடமாக அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. அன்று எல்லோர் முன்னாலும் என்னைக் கேவலமாகப் பேசியதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "என் கையில முந்நூறு பாட்டில் சுத்தமா இருக்கு, ஒரு புள்ளி பூஞ்சை கிடையாது. வந்து பாருங்க, எவ வளத்ததுன்னு" என்றேன். அதுதான் முக்கியமில்லை என்று எழுதிய பேச்சு. என் கை சுத்தம் என்று காட்டுவதற்காகப் பேசியது. மறுநாள் அவர் அதையே பிடித்துக்கொண்டபோது இரண்டு முறை முடியாது என்றேன். மூன்றாவது முறை அவர் கேட்கவே இல்லை. நானே கத்தியை எடுத்துவிட்டேன். பெண்கள் முன்னால் தோற்றுப்போக எனக்கு மனம் வரவில்லை.

"எண் எழுதியாகிவிட்டது." யார் எழுதினார்கள்? நான். முந்நூறு பாட்டில் தொள்ளாயிரம் ஆனது, தொள்ளாயிரத்திலும் நானே எழுதினேன், வேறு யார் எழுதினாலும் கோணலாக இருக்கும் என்று. "மாதிரி போனது." தானாக நடந்தா போனது? எடுத்துக் கொடுத்தவள் நான். ஒரு வருடமாக மெக்கானிக்கைத் திட்டியிருக்கிறேன், வீட்டுக்காரரைத் திட்டியிருக்கிறேன், கண்டக்டரைத் திட்டியிருக்கிறேன். திட்ட வேண்டியவளை ஒரு வரி திட்டவில்லை.

ஜூலை 21

வேலைக்குப் போகவில்லை. தம்பிக்குப் போன் செய்து சொல்லிவிடலாம் என்று மூன்று முறை எடுத்தேன். மூன்றாவது முறை எண்ணை அழுத்தியேவிட்டேன், அவன் எடுத்தான். "என்னக்கா, ஒடம்புக்கு முடியலையா? தவமணிய அனுப்பவா?" என்றான். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11

இன்று நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதப் போகிறேன்.

காலையில் கம்பெனிக் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டார் தனுஷ்கோடி. "நீங்க எதுவும் பேச வேணாம். பக்கத்துல நின்னாப் போதும். உங்க தம்பிதானே, நம்ம பக்கம் பேசிருவாரு" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, விலகியவர் பங்கை இவனுக்கு ஏன் கொடுத்தார் என்று. என் வாயைக் கட்டுவதற்கு என் தம்பியை வாங்கியிருக்கிறார். அதற்கு நானும் இடம் கொடுத்திருக்கிறேன்.

தோட்டக்கலை அதிகாரி ஒரு அம்மா. மற்ற விவசாயிகளும் வந்திருந்தார்கள். தார் தள்ளியிருந்த சில மரங்களைப் பார்த்தோம். நாலு சீப்பு, அதிலும் காய் சுண்டுவிரல் பருமன். பாதி மரம் தள்ளவே இல்லை. அதிகாரி குறித்துக்கொண்டு, "நீங்கதான் பயிர் செஞ்சது, நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று பவுன்ராஜைக் கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அவரிடம் திரும்பினான்.

"கன்னுல கொற சொல்ல மாட்டேன் மேடம். எங்கக்கா அங்கதான் வேல பாக்குது. நடவுக்கு மொதக் கன்ன அதுதான் வச்சுச்சு. கொறையுள்ள கன்ன எனக்குக் குடுக்காது. பிப்ரவரில மோட்டார் பத்து நாள் ஓடல. நாந்தான் கோட்ட விட்டுட்டேன்."

மற்ற விவசாயிகள் முணுமுணுத்தார்கள். ஒருவர், "யோவ், எங்க மோட்டாரெல்லாம் ஓடுச்சுய்யா" என்று கத்தினார். பவுன்ராஜ் அவரோடு சண்டைக்குப் போனான். எனக்காக. என் பெயர் கெடக்கூடாது என்று ஒரு ஊரோடு மல்லுக்கு நிற்கிறான். தனுஷ்கோடி அவசரமே இல்லாமல் ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஏற்கெனவே தட்டச்சு செய்துகொண்டு வந்திருந்தார். நீர்ப் பற்றாக்குறையால் பயிர் பாதிப்பு, கன்றில் குறையில்லை. பவுன்ராஜ் முதுகை வளைத்து, தொடை மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போடப் போனான்.

"போடாத" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். தனுஷ்கோடி, "அம்மா" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"போடாதடா. தண்ணி இல்ல காரணம். கன்னுதான். எட்டுச் சுத்துக்கு மேல பிரிக்கக் கூடாத கன்ன பன்னெண்டு சுத்துப் பிரிச்சோம். பழகறதுக்கு வச்சிருந்த பாட்டில். நம்பர மாத்தி எழுதுனது நான். டெஸ்டுக்கு வேற பாட்டில்ல இருந்து எடுத்துக் குடுத்ததும் நான். இந்த மேனேஜர் சொல்லித்தான் செஞ்சேன், ஆனா அந்தப் பாட்டில் இருக்குன்னு இவருக்குச் சொன்னதே நாந்தான்."

அதிகாரி எழுதுவதை நிறுத்தி, மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். தேதி கேட்டார். சொன்னேன். தனுஷ்கோடி, வேலையை விட்டுத் தூக்கப் போகிறார்கள் என்பதால் பழிவாங்குகிறேன் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பவுன்ராஜைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் தாளை மடித்து தனுஷ்கோடியிடமே கொடுத்தான். பேனாவையும் மூடித் திருப்பிக் கொடுத்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"டிசம்பர்ல நான் கேட்டப்ப ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நடவு அன்னைக்கு?"

"தெரியும்."

"மே மாசம் என்னைய வஞ்சப்ப?"

தலையை மட்டும் ஆட்டினேன். அவன் அடித்திருந்தால் தேவலை. "சரி, வண்டில ஏறிப் போ" என்றான், வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல. கம்பெனிக் கார் அதற்குள் என்னை விட்டுவிட்டுப் போயிருந்தது. மூன்று கிலோமீட்டர் நடந்து பஸ் பிடித்தேன்.

ஆகஸ்ட் 14

வேலையை விட்டு எடுத்ததாகத் தபால் வந்தது. தனுஷ்கோடியையும் எடுத்துவிட்டார்களாம். அமலோற்பவம் அக்கா தூக்குவாளியில் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, உட்காராமல் போனார்.

ஆகஸ்ட் 29

அதிகாரி கூப்பிட்டு எழுதி வாங்கினார். விவசாயிகள் பதினோரு பேருக்கும் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும் என்றார். நடக்குமா என்று தெரியவில்லை. பவுன்ராஜுக்குப் போன் செய்தால் தவமணிதான் எடுக்கிறாள். "அவரு தோட்டத்துல இருக்காரு மதினி" என்கிறாள். எப்போது கேட்டாலும் தோட்டத்தில்தான் இருக்கிறான்.

இன்று ஒன்று மட்டும் கூடுதலாகச் சொன்னாள். தெருக்காரர்கள் பக்கக்கன்று கேட்கிறார்களாம். மோட்டார் கெட்டதால்தான் தோட்டம் போனது என்று இன்னமும் ஊரில் பேச்சு. உயரமாக நிற்கிற மரத்தின் அடியில் வந்திருக்கும் கன்றைக் கொல்லையில் வைத்தால் நன்றாக வரும் என்று நினைக்கிறார்களாம். வாழைக்குப் பாட்டிலும் வேண்டாம், ஜெல்லியும் வேண்டாம். தன்னைத் தானே மறுபடி மறுபடி எடுத்து வைத்துக்கொண்டே போகும். உயரமாக இருப்பதும் அதே பாட்டிலில் இருந்து வந்ததுதான். அது தரும் கன்று எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. ஆயிரத்து இருநூறு கிழங்கையும் வேரோடு தோண்டி எரித்தால்தான் நிற்கும்.

செப்டம்பர் 3

கடப்பாரை ஒன்று வாங்கிக்கொண்டு காலை பஸ்ஸில் போனேன். பவுன்ராஜ் ஏற்கெனவே தோண்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தான். அவனுக்கு நாலு வரிசை தள்ளி நான் ஆரம்பித்தேன். இடுக்கியும் பிளேடும் பிடித்த கை, முதல் கிழங்கிலேயே கொப்பளித்துவிட்டது. யார் மேலும் கோபப்பட வழியில்லாத வலி.

பத்து மணிக்குப் பக்கத்துத் தெரு அன்னபாக்கியம் கூடையோடு வந்தாள். "பவுனு, அந்த ஒசந்த மரத்துக் கன்னு ரெண்டு குடுய்யா. எரிக்கத்தான போற" என்றாள். அவன் நிமிரவில்லை.

"எங்கக்காட்டக் கேளு" என்றான்.

அவள் என்னிடம் வந்தாள். கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றேன். "இது வேணாம்மா. கெட்டுப்போன கன்னு" என்றேன்.

"தண்ணி இல்லாமத்தான கெட்டுச்சு?"

தம்பி தோண்டுவதை நிறுத்தியிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் நிறுத்தியிருந்தான்.

"இல்ல. மோட்டார் நின்னது பத்தே நாளு, அதுல இது கெடல. கன்னக் கெடுத்தது நான். கெட்டதுன்னு தெரிஞ்சே அவனுக்குக் குடுத்தேன்."

அன்னபாக்கியம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கூடப் பெறந்தவளா நீயி?" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனாள். அவள் போன பிறகுதான் அந்தப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் மறுபடி கேட்டது.

மதியத்துக்குள் இன்னும் நாலு பேர் வந்தார்கள். நாலு பேரையும் என்னிடம் அனுப்பினான். நாலு பேரிடமும் சொன்னேன். ஒருவர் காறித் துப்பினார். ஒரு தடவையும் எனக்கு எளிதாக வரவில்லை.

பொழுது சாய்ந்ததும் கடப்பாரையை வரப்பில் சாத்திவிட்டு, "நாளைக்கு வர்றேன்" என்றேன். அவன் வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே சொன்னான்:

"வா. கன்னு கேட்டு இன்னும் எட்டு வீட்டுக்காரங்க சொல்லி வச்சிருக்காங்க."